மெயில் எங்கே நிற்குது? கடைக்காரருக்கான பிழை நீக்கும் வழிமுறை

குமுளியில் மாமாவின் மசாலாக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். வீடு கம்பத்தில். காலையில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவேன். தேக்கடிக்கு வருகிறவர்கள் கடையில் ஏலக்காயோ மிளகோ வாங்கிவிட்டு, கல்லாவில் கிடக்கும் நோட்டில் மெயில் முகவரி எழுதிவிட்டுப் போவார்கள். புது ஏலக்காய் வந்தால், விலை மாறினால், மழையில் மலைப்பாதை அடைத்துக் கூரியர் நின்றால் அவர்களுக்கு நாலு வரி அனுப்புவது என் பொறுப்பு. படம் இல்லை, கலர் இல்லை, வெறும் எழுத்து.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று பக்கத்துக் கடைச் சேட்டன் வாரம் ஒரு தடவை கேட்பார். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதுவும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் போகும். ஒரே ஒரு தடவை வந்து கால் கிலோ ஏலக்காய் வாங்கிய ஜெர்மன்காரர் நம் நம்பரை எதற்குச் சேமிக்கப் போகிறார்? மெயில் பார்ப்பார்.

இப்போது அதே சேட்டன் உட்பட நாலைந்து கடைக்காரர்கள் மெயில் அனுப்புகிறார்கள். கோளாறு வந்தால் எனக்குப் போன் வரும். எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: "மெயில் வேலை செய்யலை." கீழே இருந்து லோடு வரவில்லை என்றால் நாம் அப்படியா சொல்வோம்? "வண்டி எங்கே நிற்குது" என்றுதானே கேட்போம். குடோனை விட்டே கிளம்பவில்லையா, செக்போஸ்ட்டில் நிற்கிறதா, கடை வாசலில் இறக்கியும் ஆள் பார்க்கவில்லையா? மெயிலிலும் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிங்கில் கை வைப்பது அதற்குப் பிறகு.

அதற்கு ஒரு முன்னேற்பாடு. ஜிமெயிலில் ஒன்று, யாஹூவில் ஒன்று, அவுட்லுக்கில் ஒன்று என்று மூன்று கணக்கு உங்கள் பெயரிலேயே திறந்து, வாடிக்கையாளர் பட்டியலில் அவற்றையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு மெயிலும் உங்களுக்கும் மூன்று வாசல் வழியாக வந்து சேரும். கீழே சொல்வதில் பாதிச் சோதனையை அந்த மூன்று கணக்கிலேயே செய்துவிடலாம்.

"சென்ட் அழுத்தினால் போகவே மாட்டேங்குது"

வண்டி குடோனிலேயே நிற்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று.

அனுப்பும் வரம்பு முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால்: இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான். 500 மெயில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பெறுகிறவர்களை எண்ணுகிறார்கள். ஒரே மெயிலை 300 பேருக்குப் போட்டு, அதில் தப்பு கண்டுபிடித்துத் திருத்தி மறுபடி 300 பேருக்குப் போட்டால் கதை முடிந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் தானாகத் திறந்துவிடும். அதுவரை திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். பணம் கட்டி எடுக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் வரம்பு 2,000.

பாஸ்வேர்டு தப்பு என்று வந்து, நீங்கள் அடிப்பது சரியான பாஸ்வேர்டுதான் என்றால்: தண்டர்பேர்டு, பழைய அவுட்லுக், பில்லிங் சாஃப்ட்வேர் மாதிரி வெளி நிரல் வழியாக ஜிமெயிலில் அனுப்புகிறவர்களுக்கு வரும் சிக்கல் இது. வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி நிரல்கள் உள்ளே நுழைவதைக் கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி, நிரலில் அதைக் கொடுங்கள்.

"சில பேருக்குப் போனது திரும்பி வந்துடுச்சு"

திரும்பி வரும் மெயிலைப் பார்த்தவுடன் அழிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அழிக்காதீர்கள். உள்ளே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4-இல் தொடங்கினால் தற்காலிகம். எதிர் சர்வர் இப்போது முடியாது, பிறகு வா என்கிறது. அனுப்பும் சர்வர் தானாகவே மறுபடி முயலும், நீங்கள் சும்மா இருக்கலாம். 5-இல் தொடங்கினால் நிரந்தரம். அதில் அதிகம் வருவது 550, அதன் பக்கத்தில் 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அர்த்தம். 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. ஜிமெயிலின் 15 ஜிபி, மெயிலுக்கு மட்டும் உள்ளதில்லை. போட்டோவும் டிரைவும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஊட்டி, மூணாறு, தேக்கடி என்று சுற்றிப் படம் எடுத்துத் தள்ளியவருக்கு மெயில் பெட்டி நிறைவது அதிசயமில்லை.

5.1.1 வந்தால் எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். நான் நோட்டை எடுப்பேன். எங்கள் நோட்டில் நான் பிடித்த தப்புகளில் பாதி கையெழுத்தால் வந்தவை.

கோடு போட்ட நோட்டு முதல் குற்றவாளி. முகவரியில் அண்டர்ஸ்கோர் இருந்தால் அது நோட்டின் கோட்டோடு ஒட்டிக் காணாமல் போகும். இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டதுபோல் தெரியும். மெயில் முகவரியில் இடைவெளி வராது என்பதால், இடைவெளியைக் கண்டால் அங்கே அண்டர்ஸ்கோர் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடித்த நாளில் கோடு போடாத நோட்டு வாங்கினேன்.

அடுத்தது ஐரோப்பியர்கள். அவர்கள் 1 எழுதும்போது முன்னால் நீளமாக ஒரு கோட்டை இழுத்துவிடுவார்கள், நம் கண்ணுக்கு அது 7. அவர்களுடைய 7-க்கு வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். குறுக்குக் கோடு இல்லாத 7 ஐரோப்பியர் கையெழுத்தில் கண்டால் 1 என்று அடித்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேரை மீட்டிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களிடம் வேறு வகைத் தப்பு. யாஹூவில் டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் மூன்றும் வேறு வேறு கணக்கு. நாம் அவசரத்தில் எல்லாவற்றையும் டாட் காம் என்று அடித்துவிடுவோம். ஜிமெயிலில் முதல் பாதியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும், ஆகவே அங்கே புள்ளியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜிமெயில் என்பதையே எழுத்து மாற்றி 'ஜிமியால்' என்று அடித்ததும் உண்டு. பட்டியலை டொமைன் வாரியாக, அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பெயர் வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த ஆள் ஒரு நொடியில் மாட்டிக்கொள்வார்.

முகவரி சரி, முன்பு போய்க்கொண்டும் இருந்தது, இப்போது திரும்பி வருகிறது என்றால் கணக்கே போயிருக்கலாம். இரண்டு வருடம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கிறது. நிரந்தரமாகத் திரும்பியதற்கு மறுபடி மறுபடி அனுப்புவது வெட்டி வேலை, கெடுதலும்கூட. இல்லாத முகவரிக்கு ஓயாமல் அனுப்புகிறவன் முகவரி விலைக்கு வாங்கினவன் என்று எதிர் சர்வர்கள் முடிவு கட்டும்.

"போச்சு, திரும்பியும் வரலை, ஆனா வரலைங்கிறாங்க"

செக்போஸ்ட்டில் நிற்கிறது, அதாவது ஸ்பேம் பெட்டியில். இங்கேதான் என் தலைமுடி கொஞ்சம் கொட்டியது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் சோதனை ஜிமெயில் கணக்கில் அந்த மெயிலைத் திறங்கள், ஸ்பேமில் கிடந்தாலும் சரி. கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும், போன் ஆப்பில் இது வராது. வலது ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே சின்னக் கட்டம் ஒன்று வரும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி. மூன்றுக்கும் நேரே பாஸ் என்று இருக்க வேண்டும்.

மூன்றும் என்ன? எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப யார் யாருக்கு உரிமை உண்டு என்று நீங்களே எழுதி ஒட்டி வைக்கும் பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலின் மேலும் வைக்கும் அரக்கு முத்திரை. வழியில் யாராவது கை வைத்தால் உடையும். அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரோடு இந்த இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மூன்றுமே டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்த டொமைனின் விவரங்களை ஊருக்குத் தெரியும்படி எழுதி வைக்கும் பக்கத்தில், எழுத வேண்டிய வரிகள். என்ன எழுத வேண்டும் என்பதை, நமக்காக மெயிலை மொத்தமாக அனுப்பித் தரும் சேவையே கொடுக்கும். நகல் எடுத்து ஒட்டுவதுதான் நம் வேலை.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இதைக் கறாராக்கின. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் வேண்டும். நாம் அனுப்புவது 300 என்றாலும் மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது. அரை மணி நேர வேலை, ஒரு தடவை செய்தால் போதும்.

அந்தக் கட்டத்தில் பாஸ் வராதபோது நான் கண்ட காரணங்கள் இவை.

எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கும். இது நானே செய்தது. முதலில் ஹோஸ்டிங் (வெப்சைட் வைக்க இடம்) கொடுத்தவர்கள் ஒரு வரி போட்டிருந்தார்கள். பிறகு மெயில் அனுப்பும் சேவை ஒன்றில் சேர்ந்தபோது அவர்கள் தந்த வரியைக் கீழே இன்னொன்றாக ஒட்டினேன். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு மாதம் ஏலக்காய் மெயில் எல்லாம் ஸ்பேமில் போய்க் கிடந்தது. மாமா சீசன் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சேவையின் பெயரையும் ஒரே வரிக்குள் சேர்த்து எழுதினால் சரியாகும். அந்த வரியைச் சரிபார்க்கும்போது பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு, ஆகவே கண்டதையெல்லாம் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, சொந்த டொமைன் இல்லாமல் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு, வேறொரு சேவை வழியாக அனுப்புவது. அந்தச் சேவைக்கு ஜிமெயில் பெயரில் முத்திரை வைக்க உரிமை கிடையாது. டிமார்க் சோதனையில் மெயில் தோற்கும். யாஹூ முகவரி என்றால் இன்னும் மோசம். 2014 முதலே அவர்கள் இதை வாசலிலேயே தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஜிமெயில் முகவரி என்றால் ஜிமெயிலிலிருந்தே அனுப்புங்கள். சேவை வழியாக அனுப்ப வேண்டுமானால் ஒரு டொமைன் வாங்குங்கள், வருஷத்துக்கு ஆகும் செலவு ஒரு கிலோ ஏலக்காய் விலைக்குள்தான் இருக்கும்.

மூன்றும் பாஸ், அப்படியும் ஸ்பேம் என்றால் மெயிலைப் படித்துப் பாருங்கள். சுருக்கிய லிங்க் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். வரிக்கு மூன்று ஆச்சரியக்குறியா? அதையும். ஆனால் இதைவிடப் பெரிய காரணம், கேட்காதவருக்கு அனுப்புவது. மொத்தமாக அனுப்புகிறவர்கள்மீது வரும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது கூகுள். நம் 300 பேர் பட்டியலில் ஒரே ஒருவர் அந்தப் பட்டனை அழுத்தினாலே கணக்குப்படி கோடு தாண்டிவிட்டது. விசிட்டிங் கார்டு டப்பாவில் கிடந்த முகவரிகளையெல்லாம் பட்டியலில் ஏற்றச் சொன்ன மாமாவிடம் நான் மறுத்தது இதனால்தான். "கார்டு கொடுத்தவன் மெயில் அனுப்புன்னுதானே கொடுத்தான், மாப்ளே?" என்றார். கார்டைக் கொடுத்தது அடுத்த தடவை பேரம் பேசுவதற்கு.

வாடிக்கையாளரிடம் போனில் பேச முடிந்தால் ஸ்பேம் பெட்டியைத் திறந்து 'நாட் ஸ்பேம்' அழுத்தச் சொல்லுங்கள். ஒரு வரி பதிலும் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவருக்குப் பெரும்பாலும் நேராகப் போகும்.

"வந்துச்சு, ஆனா ஒரே கிறுக்கலா இருக்கு"

தமிழில் அனுப்புகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சுகம். கிறுக்கலைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம், ஆகவே என்ன மாதிரிக் கிறுக்கல் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் என்றால் எழுத்து செத்துவிட்டது. மீட்க முடியாது. வழக்கமாக நடப்பது இது: பெயர்ப் பட்டியலை எக்செலில் வைத்துக்கொண்டு சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமிப்பது. சேமிக்கும் நொடியிலேயே தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். மூலக் கோப்பு இருந்தால் திறந்து, சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்தையும் எண்ணாக்கிச் சேமிக்கும் முறை. மூலக் கோப்பை மூடி அழித்துவிட்டிருந்தால் நோட்டிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று ஓடினால் பயப்படாதீர்கள், எழுத்து உயிரோடு இருக்கிறது. 'ஏலக்காய்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு எட்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் (பைட் என்றால் 0 முதல் 255 வரை ஓர் எண்), ஆக 24. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இதை யூடிஎஃப்-8 என்று தெரியாமல் பழைய விண்டோஸ் முறையில் ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் 224 கோடு போட்ட ஏ, 174 வட்டத்து ஆர். அதனால்தான் எந்தத் தமிழ் மெயில் உடைந்தாலும் அதே இரண்டு முகம் திரும்பத் திரும்ப வருகிறது. மலையாளம் என்றால் இரண்டாவது பைட் 180, 181. 181 மியூ எழுத்தாகத் தெரியும். எங்கள் கடையில் இரண்டு மொழியிலும் அனுப்புவதால், உடைந்தது எந்த மொழி மெயில் என்று கிறுக்கலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டில் காட்டிப் பெருமைப்பட முடியாத வித்தை.

மருந்து: அனுப்பும் நிரலின் செட்டிங்கில் எழுத்துக் குறியாக்கம் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 போடுங்கள். ஜிமெயில் வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் வராது. பழைய பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து நேரே மெயில் போகிறவர்களிடம்தான் இதைப் பார்த்திருக்கிறேன்.

சமக்குறியும் இரண்டிரண்டு எழுத்தெண்ணுமாகப் பக்கம் பக்கமாக வந்தால் அதுவும் அனுப்பும் நிரலின் கோளாறுதான். மெயிலை மடித்து அனுப்பிவிட்டு, மடித்திருக்கிறேன் என்று சொல்ல மறந்துவிட்டது. நிரலை மாற்றுங்கள்.

ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியும் என்றால் அடித்தது டிடிபி கடையில். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. அங்கே நிஜமாகச் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. வெறும் எழுத்து மெயிலில் எழுத்துருவை ஏற்றி அனுப்ப வழியே இல்லை, முகமூடி கழன்றுவிடும். பாமினியிலிருந்து, எல்லாக் கருவியும் படிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படியுங்கள், எண்களும் அடைப்புக்குறியும் சில நேரம் உருமாறும். நோட்டீஸ் அடித்துத் தருகிறவரிடம் அடுத்த தடவை யூனிகோடிலேயே கேட்டு வாங்குங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால் படிக்கிறவர் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. இப்போதெல்லாம் அபூர்வம். ரூபாய்க் குறி மட்டும் கட்டமாக வந்தால், அது 2010-இல்தான் வந்த குறி, அதற்கு முந்தைய கருவியில் தெரியாது. 'ரூ.' என்றே எழுதுங்கள், யாருக்கும் குறைவில்லை.

"வரியெல்லாம் உடைஞ்சு கிடக்கு, லிங்க்கும் ஓடலை"

ஜிமெயிலில் வெறும் எழுத்து முறையைப் போட்டால் சுமார் 78 எழுத்துக்கு ஒரு தடவை அதுவே வரியை வெட்டும். கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும். போனில் திரை சின்னது, அது தன் பங்குக்கு இன்னொரு தடவை மடக்கும். நீள வரி, குட்டை வரி, நீள வரி என்று பல் விழுந்த சீப்பு மாதிரி வரும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீங்களே வரியை முடித்துவிடுங்கள்.

விலைப்பட்டியல்தான் எல்லாரும் சறுக்கும் இடம். இடைவெளி விட்டு விட்டு நாலு பத்தியாக நிறுத்தப் பார்ப்பார்கள். தமிழ் எழுத்தில் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமா? எந்த எழுத்துருவிலும் நேராக நிற்காது. ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். நாங்கள் அனுப்பிய ஒன்று இது:

பொருள்: புது ஏலக்காய் வந்திருக்கிறது, செப்டம்பர் 12

வணக்கம்.
குமுளிக் கடையிலிருந்து எழுதுகிறோம்.
இந்த வாரம் பறித்துக் காய வைத்த ஏலக்காய் வந்துள்ளது.

ஏலக்காய் 8 மில்லிமீட்டர், 250 கிராம்: ரூ. 950
ஏலக்காய் 7 மில்லிமீட்டர், 250 கிராம்: ரூ. 850
மிளகு, 500 கிராம்: ரூ. 480

மழையால் கூரியர் இரண்டு நாள் தாமதமாகும்.
வேண்டுமானால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்.
இனி மெயில் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று பதில் போடுங்கள்.

இதற்குக் கீழே கடையின் பெயரும் முழு முகவரியும் போன் நம்பரும். போன் நம்பரில் ஒரு சங்கதி. லேண்ட்லைன் என்றால் குமுளிக்காரர்கள் 04869, கம்பத்துக்காரர்கள் 04554 என்ற கோடு நம்பரைப் போட மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +91 சேர்க்க வேண்டும்.

லிங்க் திறக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நமக்கு வேற்றுமை உருபு ஒட்டாமல் பேச வராது. இணைய முகவரியை அடித்துவிட்டு அப்படியே 'இல்' என்றோ 'ஐப் பாருங்கள்' என்றோ சேர்த்து அடிப்போம். அந்த 'இல்'லும் லிங்க்கின் பகுதி என்று மெயில் நிரல் எடுத்துக்கொள்ளும், பக்கம் திறக்காது. வாக்கிய முற்றுப்புள்ளியும் சில நிரல்களில் அதே வேலையைச் செய்யும். லிங்க்கைத் தனி வரியில், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் நிற்க வையுங்கள்.

புது மெயில் பழைய மெயிலுக்குள் போய் ஒளிந்துகொண்டது என்றால், போன வார மெயிலுக்கே ரிப்ளை போட்டு எழுதி அனுப்பியிருப்பீர்கள். புதிதாகத் திறந்து எழுதுங்கள், பொருள் வரியில் தேதியும் போடுங்கள்.

"எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு"

இதற்கு மருந்து கிடையாது, முன்னெச்சரிக்கை மட்டும்தான். முதல் ஓணம் மெயிலில் 180 முகவரியையும் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் மறைக்கும் பிசிசி கட்டத்தில் போடாமல் டு கட்டத்தில் ஒட்டி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒருவர் எல்லாருக்கும் பதில் போட்டு, போன தடவை ஏலக்காய் நமுத்துப் போயிருந்தது என்று எழுதினார். 179 பேரும் படித்தார்கள். இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார், எனக்கும் அப்படித்தான் என்று. மூன்றாமவர் தன் கடையில் நல்ல ஏலக்காய் கிடைக்கும் என்று விளம்பரமே செய்துவிட்டார். மாமா அன்று என்னோடு பேசவில்லை.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 நொடி. இயல்பாக இருப்பது 5 நொடிதான், செட்டிங்கில் போய் இன்றே 30 ஆக்கி வையுங்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் பின்னாலேயே விளக்க மெயில் எழுதி மறுபடி 180 பேரைத் தட்டி எழுப்பலாமா? நான் சுருக்கமாக ஒன்று அனுப்பினேன், பிசிசியில்: தவறு எங்களுடையது, தயவுசெய்து எல்லாருக்கும் பதில் போட வேண்டாம், மன்னிக்கவும். அடங்கியது. அடுத்தவர் முகவரி நம்மிடம் இருப்பது நம்பிக்கையில். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மெயில் முகவரிக்கும் பொருந்தும்.

பிசிசி சின்னப் பட்டியலுக்குப் பரவாயில்லை. நூறைத் தாண்டினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயிலாக அனுப்பும் சேவைக்கு மாறிவிடுங்கள், இந்தத் தப்பே நடக்க வழியிருக்காது.

"படிச்சாங்களா இல்லையான்னே தெரியலை"

தெரியாது. மெயில் திறந்ததைக் கண்டுபிடிப்பது உள்ளே ஒளித்து வைக்கும் ஒரு குட்டிப் படத்தால். வெறும் எழுத்தில் படம் ஏது? படம் வைத்தாலும் 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது, ஆள் திறக்காமலே அவர்கள் சர்வர் படத்தை இழுத்துவிடும். நான் பதில்களை எண்ணுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி வைத்தால் பதில் வரும்: "மிளகு முழுசா வேண்டுமா, பொடியா?"

"இனி அனுப்பாதீங்கன்னு எழுதியிருக்கார்"

அன்றைக்கே நிறுத்துங்கள். அமெரிக்கச் சட்டம் பத்து வேலை நாள் அவகாசம் தருகிறது, நமக்கு பத்து நிமிடம் போதும். ஆனால் பட்டியலிலிருந்து அவர் வரியை அழிக்காதீர்கள். அழித்தால், அடுத்த மாதம் நோட்டைப் பார்த்துப் பட்டியலைச் சரிபார்க்கும் பையன் விட்டுப்போச்சு என்று மறுபடி ஏற்றிவிடுவான். பெயருக்கு நேரே 'வேண்டாம்' என்று தனிக் கட்டத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். அவரே மறுபடி கடைக்கு வந்து நோட்டில் எழுதினால் அந்தத் தேதியைப் பார்த்து, எது பிந்தியதோ அதன்படி செய்யுங்கள்.